ஒரு கையில் பிடிக்கணும், ஒரு வாளியில் துவைக்கணும்: ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குத் துணி பொம்மை தைப்பது

முதல் தடவை நான் தைத்துக் கொண்டுபோன பன்னிரண்டு பொம்மைகளில் ஒன்றுகூட வார்டுக்குள் போகவில்லை. கண்ணுக்குச் சட்டைப் பட்டன், தலைக்கு உல்லன் நூலில் ரெட்டைச் சடை, உள்ளே அம்முச்சி வீட்டு இலவம் பஞ்சு, கழுத்தில் சாட்டின் ரிப்பன், பார்க்க அவ்வளவு லட்சணம். குழந்தைகள் கேன்சர் வார்டு சிஸ்டர் ஒன்றைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அக்கா, இதை நல்லாத் துவைக்க முடியுங்களா?" என்று கேட்டார். முடியாது. அடுத்து, "இங்க பாதிக் குழந்தைகளுக்கு ஒரு கையில ஊசி போட்டு அட்டை வெச்சுக் கட்டியிருக்குமுங்க, மிச்சக் கையால இதைப் பிடிக்க முடியுங்களா?" என்றார். அதுவும் முடியாது, தலையணை மாதிரி குண்டாகத் தைத்திருந்தேன். பன்னிரண்டையும் மறுபடி மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தப்பு முழுக்க என்னுடையதுதான், ஒரு வார்த்தை கேட்காமல் நானாகத் தைத்தேன்.

அந்த இரண்டு கேள்விகளைத்தான் இன்றைக்கு வரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். துணி எடுப்பதிலிருந்து பையில் போட்டு மூடுவது வரை எந்தச் சந்தேகம் வந்தாலும் அந்தக் கேள்விகளையே திரும்பக் கேட்டுக்கொள்ளுங்கள், பதில் வந்துவிடும்.

அதனால் துணி வெட்டுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கேளுங்கள். வார்டு சிஸ்டர் இன்சார்ஜிடம் கேட்பதே மேல், அவர்களுக்குத்தான் நடைமுறை தெரியும். சில வார்டுகளில், முக்கியமாக ஐசியு, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை அறை போன்ற இடங்களில், வெளியிலிருந்து துணிச்சாமானே வாங்க மாட்டார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். கீமோ எடுக்கும் குழந்தைக்கு வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும், நம் வீட்டுத் தூசியில் இருக்கிற பூஞ்சைகூட அந்த உடம்புக்குப் பெரிய ஆபத்து. எத்தனை குழந்தைகள், என்ன வயது, பொம்மை எந்த அளவு வரை இருக்கலாம், துவைத்துக் கொடுத்தால் போதுமா, இவ்வளவும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம், தூங்கும் இடத்தில் பஞ்சுப் பொம்மை கிடந்தால் மூக்கில் அழுந்தி மூச்சு முட்டும்.

சரி, துணி. இந்த விஷயத்தில் நம் பக்கத்துக்காரர்களுக்குக் கொடுப்பினைதான். திருப்பூரில் காதர்பேட்டைப் பக்கம் போனால் பனியன் துணியைக் கிலோக் கணக்கில் நிறுத்து வாங்கலாம், தெரிந்தவர் யாராவது கம்பெனியில் இருந்தால் கட்டிங்கில் மிஞ்சும் பிட்டுகளை வாங்கித் தருவார்கள். பிட்டு என்றால் அழுக்கு என்று நினைக்க வேண்டாம், உடம்பில் போடாத புதுத் துணிதான். வீட்டில் கிடக்கும் பழைய டிசர்ட்டை மட்டும் இதற்கு வெட்டாதீர்கள், உங்கள் பிள்ளை போட்ட சட்டையாக இருந்தாலும் சரி.

நான் எடுப்பது நூறு சதவீதக் காட்டன் இன்டர்லாக் என்ற பனியன் துணி, 180 முதல் 220 ஜிஎஸ்எம் வரை (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு). இன்டர்லாக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், வெட்டினால் ஓரம் சுருளாது. சிங்கிள் ஜெர்சி என்ற சாதா பனியன் துணி ஓரம் சுருட்டிக்கொண்டு உயிரை வாங்கும், புதிதாகத் தைக்கிறவர்கள் அதைத் தொட வேண்டாம். லைக்ரா கலந்தது வேண்டவே வேண்டாம், பஞ்சு வைக்க வைக்கத் துணி விரிந்துகொண்டே போய் பொம்மை பூசணிக்காய் ஆகிவிடும். நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எக்ஸ்போர்ட் ஆர்டர் பிட்டில் 'ஸ்கின் கலர்' என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் வெளிர் ரோஸ் நிறம், நம் குழந்தைகளில் யாருக்கு அந்த நிறம்? டீ நிறம், கருப்பட்டி நிறம், கோதுமை நிறம் என்று மூன்று நான்கு கலர் தேடி எடுங்கள். தேட வேண்டியிருக்கும், ஆனால் கிடைக்கும்.

வாங்கி வந்த துணியை முதலில் வெந்நீரில் துவைத்து, வெயிலில் காய வைத்து, அயர்ன் பண்ணிவிடுங்கள். காட்டன் பனியன் துணி முதல் துவையலில் சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் பொம்மையின் முகம் கோணும். சாயமும் பார்க்க வேண்டும். துணியை நனைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டுச் சூடாக இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுங்கள், வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தத் துணியை ஒதுக்கி வையுங்கள், வாயில் வைத்துச் சப்புகிற பிள்ளைகள் இவர்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய குறிப்பிட்ட சில அசோ வகைச் சாயங்களுக்கு இந்தியாவில் 1997-லேயே தடை வந்துவிட்டது, பெரிய கம்பெனிகளில் அந்தச் சோதனை முடிந்துதான் துணியே உள்ளே வரும், ஆனால் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத மூட்டைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் ஏமாற்றும்.

உள்ளே வைக்க பாலியஸ்டர் பஞ்சு மட்டும். கடையில் ரெக்ரான் பஞ்சு என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள், தலையணைக்கு வைப்பது அதுதான். இலவம் பஞ்சு துவைத்தால் கட்டிதட்டிப் போகும். பருத்திப் பஞ்சு, வெட்டித் திணித்த துணிக்கழிவு எல்லாமே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். என் கணக்கில் ஒரு பொம்மைக்கு 60, 65 கிராம், ஒரு கிலோவில் பதினைந்து பொம்மை. கனமாக இருந்தால் மடியில் உட்காரும் என்று சிலர் அரிசி, பயறு வைக்கிறார்கள். புழு வரும், துவைத்தால் முளைக்கும், எதற்கு அது.

நூல் பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும், காட்டன் நூல் பனியன் துணியோடு சேர்ந்து இழுபடாமல் பட்டென்று அறும். மிஷினில் முனை உருண்டையாக இருக்கும் பால்பாயிண்ட் ஊசி, 11 அல்லது 14 நம்பர். சாதா ஊசி பனியன் துணியில் இழையை அறுத்துச் சின்னச் சின்ன ஓட்டை போடும், அந்த ஓட்டை நாலாவது துவையலில் வாய் பிளக்கும்.

இனி பேட்டர்ன். சுவரில் மாட்டும் காலண்டர் அட்டைதான் இதற்குச் சரி, நியூஸ் பேப்பர் மை துணியில் ஒட்டும். தலையிலிருந்து கால் வரை பன்னிரண்டரை இஞ்ச். தலை 4 இஞ்ச் அகலம், 4 இஞ்ச் உயரம், நல்ல வட்டமாக. கழுத்து இரண்டரை இஞ்ச் அகலம், அரை இஞ்ச் உயரம். உடம்பு நாலரை இஞ்ச் அகலம், 4 இஞ்ச் உயரம். கை ஒவ்வொன்றும் மூன்றரை இஞ்ச் நீளம், ஒன்றே முக்கால் இஞ்ச் அகலம், கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து. கால் 4 இஞ்ச் நீளம், 2 இஞ்ச் அகலம், இரண்டு காலுக்கும் நடுவில் அரை இஞ்ச் இடைவெளி. கால் சேரும் இடத்தை ஊசிமுனை மாதிரிக் கூர்மையாக வரையாதீர்கள், கவிழ்த்த டம்ளர் மாதிரி வளைவாக இருக்கட்டும், கூராக இருந்தால் முதலில் பிய்வது அந்த இடம்தான். கழுத்து பார்க்கத் தடிமனாகத் தோன்றும், தோன்றட்டும், மெல்லிய கழுத்து வைத்தால் தலை ஒரே வாரத்தில் தொங்கிவிடும். கை மட்டும் ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும், குழந்தை பொம்மையைத் தூக்கப்போவதே கையைப் பிடித்துத்தான். அட்டையை மடித்துப் பாதி உருவம் வரைந்து வெட்டிப் பிரித்தால் இரண்டு பக்கமும் சமமாக வரும்.

இந்த அளவெல்லாம் தையல் போகும் கோட்டின் அளவு. 14 இஞ்ச் உயரம், 13 இஞ்ச் அகலத்தில் இரண்டு செவ்வகத் துண்டு எடுத்து, ஒன்றின் உள்பக்கத்தில் அட்டையை வைத்து டெய்லர் சாக்பீஸால் சுற்றிக் கோடு போடுங்கள், ஆனால் வெட்டாதீர்கள். தைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். பனியன் துணியை முதலிலேயே வெட்டிவிட்டால் ஓரம் நெளிந்து, மேல் துணி ஒரு பக்கம் கீழ்த் துணி ஒரு பக்கம் போகும். இன்னொன்று, துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், ஒரு பக்கம் அதிகம் இழுபடும், அது பொம்மையின் அகலவாக்கில் வர வேண்டும். மாற்றி வைத்தால் பஞ்சு வைக்கும்போது கழுத்து ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீளும், எனக்கு அப்படி ஒன்று வந்தது, என் தங்கச்சி பிள்ளை அதைத்தான் வேண்டுமென்று எடுத்துக்கொண்டது தனிக்கதை.

முகத்தைச் சேர்த்துத் தைப்பதற்கு முன்னாலேயே, ஒற்றைத் துணியில் போட்டுவிடுங்கள், முடிச்செல்லாம் உள்ளே போய்விடும். பட்டன், பாசி, ஒட்டுக் கண், எதுவும் கூடாது. பொம்மைச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன உருளை வைத்திருப்பார்கள், அதற்குள் முழுதாக அடங்குகிற எந்தத் துண்டும் மூன்று வயதுக்குக் கீழான குழந்தைக்குத் தொண்டையில் சிக்கும் ஆபத்து என்று கணக்கு. சட்டைப் பட்டன் அதில் பத்து அடங்கும். அதனால் கண் முழுக்க நூல் வேலை. ஆறு இழை எம்ப்ராய்டரி நூலில் மூன்று இழை பிரித்து எடுத்து, கொத்தமல்லி விதை அளவுக்கு வட்டம் நிரப்புங்கள். துணிக்குப் பின்னால் சின்னக் காட்டன் துண்டு ஒன்றைச் சேர்த்து வைத்துப் போட்டால் பனியன் துணி சுருங்காது, முடிச்சும் வெளியே உருவிக்கொண்டு வராது. கண் தலையின் சரி பாதிக்குக் கொஞ்சம் கீழே, ஒன்றுக்கொன்று ஒன்றேகால் இஞ்ச் தள்ளி. மேலே ஏற்றி வைத்தால் பெரியாள் முகம் வந்துவிடும்.

வாய்க்கு அரை இஞ்ச் நீளத்தில் ஒரு சின்னக் கோடு, பின்தையலில், அவ்வளவுதான். பல் தெரியச் சிரிக்கிற வாய் வைக்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள், நான் வைப்பதில்லை. முதுகில் ஊசி குத்தி அழுதுகொண்டிருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் ஈ என்று இளித்துக்கொண்டு ஒரு பொம்மை கிடந்தால் அது யார் கட்சி? வாய் சும்மா இருந்தால் குழந்தை சிரிக்கும்போது அதுவும் சிரிக்கும், அழும்போது அதுவும் அழும், பிள்ளைகள் அதை அப்படித்தான் பார்க்கிறார்கள். பத்துப் பொம்மைக்கு இரண்டு பொம்மை முகமே இல்லாமல் கொடுங்கள், கொஞ்சம் பெரிய பிள்ளைகள் தாங்களே வரைந்துகொள்வார்கள். ஊசி எங்கே போடப் போகிறோம், டியூப் எங்கே வரும் என்று காட்டுவதற்கு நர்சுகளுக்கும் அந்த வெற்றுப் பொம்மை உதவும்.

இப்போது இரண்டு துண்டுகளையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி வைத்து, நிறைய குண்டூசி குத்தி, கோட்டின் மேலேயே தையுங்கள். தையல் நீளம் 2 மில்லிமீட்டர், அதாவது இஞ்சுக்குப் பன்னிரண்டு போல. மிஷினில் ஜிக்ஜாக் இருந்தால் மிகக் குறுகலாக வைத்துக்கொள்ளுங்கள், பழைய சிங்கர் மிஷினாக இருந்தால் துணியை லேசாக இழுத்துப் பிடித்து நேர்த்தையலே போதும். ஒரு பக்க அக்குளுக்குக் கீழே இரண்டு இஞ்ச் திறப்பு விட்டு, அதன் இரண்டு முனையிலும் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டியாக்குங்கள். பிறகு முழு உருவத்தையும் அதே தடத்தில் இன்னொரு முறை தையுங்கள். கால் இஞ்ச் விட்டு வெட்டி எடுங்கள், திறப்பு இருக்கும் இடத்தில் அரை இஞ்ச் விட்டால் மூடும்போது மடக்க வசதி. கழுத்து, அக்குள், கால் நடு, இந்த வளைவுகளில் மட்டும் தையல் வரை போகாமல் சின்னதாக வெட்டுக் கொடுங்கள்.

திருப்பிப் போட்டுப் பஞ்சு வைப்பதுதான் பொறுமை கேட்கிற வேலை. பஞ்சைக் கொத்தாக அள்ளித் திணித்தால் கட்டி கட்டியாக நிற்கும். எலுமிச்சை அளவு எடுத்து, விரலால் நன்றாகப் பிரித்துப் பூவாக்கி, பாதத்திலிருந்தும் உள்ளங்கையிலிருந்தும் தொடங்குங்கள், தள்ளுவதற்குக் கரண்டிக் காம்பு போதும். கையிலும் காலிலும் முக்கால் பங்கு நிறைந்ததும் நிறுத்தி, உடம்போடு சேரும் இடத்தில் குறுக்கே ஒரு தையல் ஓட்டிவிட்டால் மடங்கும், குழந்தை உட்கார வைக்கலாம், கட்டிப்பிடிக்க வைக்கலாம். தலையை நன்றாக இறுக்கமாக, கழுத்தை இன்னும் இறுக்கமாக. கழுத்தில் தனியாகப் பஞ்சு வைக்காமல், தலையிலிருந்து நெஞ்சு வரை ஒரே நீளச் சுருளாக இறக்குங்கள், அதுதான் முதுகெலும்பு. வயிறு மெத்தென்று இருக்கட்டும்.

திறப்பை மூட ரெட்டை நூலில் ஏணித்தையல்: ஒரு பக்க மடிப்புக்குள் ஊசியைக் கால் இஞ்ச் ஓட்டி எடுத்து, நேர் எதிரே மறு மடிப்பில் அதே மாதிரி ஓட்டி, நாலைந்து போட்டதும் நூலை இழுத்தால் இரண்டு ஓரமும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். அதன் மேலேயே இன்னொரு தடவை போங்கள். முடிச்சுப் போட்ட நூல் முனையை உடம்புக்குள் இரண்டு இஞ்ச் விட்டு வெளியே எடுத்து வெட்டினால் முனை உள்ளே மறைந்துவிடும்.

தலைமுடிக்கு உல்லன் நூல் வேண்டாம், அது உதிரும், வாயில் போகும், காயவும் நேரமாகும். நான் முடியே வைப்பதில்லை, குல்லா வைக்கிறேன். கோடு கோடாகப் பின்னிய, நன்றாக இழுபடும் ரிப் துணியில் ஏழரை இஞ்ச் நீளம், 4 இஞ்ச் உயரம், பக்கத்தில் மூட்டி, மேலே சுருக்கி இறுக்கித் தைத்து, கீழே அரை இஞ்ச் மடித்தால் குல்லா ரெடி. கீமோவில் முடி கொட்டிய பிள்ளை தன் தொப்பியைக் கழற்றும்போது பொம்மையின் குல்லாவையும் கழற்றிவிடும், நான் ஒன்றும் சொல்லிக் கொடுத்ததில்லை. உடுப்புக்குத் தலை வழியாகப் போடும் ஒரு பனியன் சட்டை போதும். வெல்க்ரோ வேண்டாம், புண்ணான தோலில் கீறும், அழுத்துப் பட்டன் வேண்டாம், நாடா வேண்டாம். சட்டையின் நெஞ்சில் ஒரு பாக்கெட் மட்டும் வையுங்கள், நெஞ்சில் கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் பதிக்கும் சின்னக் கருவி) வைத்திருக்கிற பிள்ளைகள் பொம்மைக்கும் அதே இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி, பாக்கெட்டுக்குள் எதையாவது ஒளித்து வைப்பார்கள்.

முதல் பொம்மையை யாருக்கும் கொடுக்காதீர்கள், அது சோதனைக்கு. ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனை ஒரு கையில் மாட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள், அடுத்து காலில். வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்துப் பிழிந்து வெயிலில் போட்டு, மறுநாள் சாயந்திரம் வயிற்றைக் கிழித்து நடுப்பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அதிகமாகத் திணித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஊசிக் கணக்கு. இது நான் பனியன் கம்பெனியில் கற்றது. அங்கே ஒரு ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கிற வரை அந்த மிஷின் ஓடாது, துண்டுகளைச் சேர்த்து நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் கையெழுத்து வாங்குவார்கள், பெட்டி கட்டும் முன் துணிகள் எல்லாம், உள்ளே ஊசித் துண்டு இருந்தால் காட்டிக் கொடுக்கும் நீடில் டிடெக்டர் மிஷினிலும் போகும். நம்மிடம் அந்த மிஷின் இல்லை. அதனால் குண்டூசி பத்து குத்தினால் பத்தும் திரும்ப டப்பாவுக்கு வந்ததா என்று எண்ணுங்கள், முடிந்த பொம்மையின் மேல் ஒரு நல்ல காந்தத்தை மெதுவாக ஓட்டுங்கள். ஒரு ஊசி கணக்கில் வராவிட்டால் அந்தப் பொம்மையைப் பிரித்துவிடுங்கள், மனசு கேட்காதுதான்.

கடைசித் துவையல் முடிந்து துளி ஈரம் இல்லாமல் காய்ந்ததும், கையைக் கழுவிக்கொண்டு, ஒவ்வொன்றையும் புது ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். சளி, காய்ச்சல் இருக்கும் வாரத்தில் இந்த வேலையே வேண்டாம். சென்ட், சாம்பிராணிப் புகை, வாசனைத் துணிக் கண்டிஷனர் எதுவும் படக்கூடாது, கீமோ எடுக்கும் பிள்ளைக்கு நமக்கு மணக்கிறதெல்லாம் குமட்டும். பீரோவில் அந்துருண்டையோடு அடுக்கவே கூடாது: ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு நாப்தலின் பட்டால் ரத்த அணுக்கள் உடையும். கவருக்குள் ஒரு சீட்டு: "காட்டன் துணி, பாலியஸ்டர் பஞ்சு. வெந்நீரில் துவைக்கலாம். நன்றாகக் காய்ந்த பிறகு கொடுக்கவும்." உங்கள் பெயர், ஊர், பிறந்த நாள் நினைவாக என்றெல்லாம் எழுத வேண்டாம். பொம்மைக்கும் பெயர் வைக்க வேண்டாம், அது அந்தப் பிள்ளையின் வேலை.

கொடுக்கும்போது சிஸ்டரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். கட்டிலுக்குக் கட்டில் போய் போட்டோ எடுப்பது, "பாவம் கண்ணு" என்று தலையைத் தடவுவது, இதெல்லாம் அந்த அம்மாக்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று ஒரு நிமிடம் யோசித்தால் புரியும். வார்டில் இருபது பேர் என்றால் இருபத்தைந்து கொடுங்கள், கூட வந்திருக்கும் அண்ணன் தங்கைகளும் பிள்ளைகள்தானே. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு இருக்கும் பிள்ளைகள் இரண்டு முதல் நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வருவார்கள், அதே பொம்மை ஒவ்வொரு முறையும் கூடவே வரும், அவர்களுக்கு முடிந்தால் ஒரே மாதிரி ஜோடியாகத் தையுங்கள், ஒன்று கொடியில் காயும்போது ஒன்று கையில் இருக்கும். பிய்ந்து திரும்பி வந்தால் தையலை மட்டும் சரிசெய்யுங்கள், மங்கிய கண்ணைப் புதுசாக்க வேண்டாம், புது முகத்தைப் பார்த்து இது என்னுடையது இல்லை என்று ஒரு பிள்ளை இரண்டு நாள் தொடவே இல்லையாம். குல்லா மட்டும் பத்துப் பதினைந்து கூடுதலாகத் தைத்துத் தனிக் கவரில் கொடுங்கள், முதலில் தொலைவது அதுதான்.